24, 3, பூஜ்யம்: சாமராஜநகர் எழுப்பும் கேள்வி

புது தில்லி: 2021 ஜூலை 20-ம் தேதி மாநிலங்களவையில் எழுப்பப்பட்ட கேள்வி ஒன்றுக்கு மத்திய சுகாதாரத் துறை இணை அமைச்சர் பாரதி பிரவீண் பவார் எழுத்து மூலம் பதில் அளித்தார். கரோனா இரண்டாவது அலையில் ஆக்சிஜன் பற்றாக்குறையால் நேர்ந்த மரணம் என்று தனியாகக் குறிப்பிட்டு எந்த மாநிலமும், எந்த யூனியன் பிரதேசமும் தகவல் அனுப்பவில்லை என்பது அந்தப் பதிலின் சாரம். பொது சுகாதாரம் மாநிலங்களின் பொறுப்பு, அவை அனுப்பும் கணக்கைத்தான் மத்திய அரசு தொகுக்கிறது என்ற விளக்கமும் உடன் இருந்தது.

தில்லியின் ஜெய்ப்பூர் கோல்டன், பத்ரா மருத்துவமனைகளில் ஏப்ரல் கடைசியிலும் மே முதல் தேதியிலும் என்ன நடந்தது என்பதை அறிந்தவர்களுக்கு அந்தப் பதில் அதிர்ச்சி அளித்தது. ஆனால், தலைநகரை விடவும் அதிகமாக அதிர்ந்திருக்க வேண்டிய ஊர் ஒன்று தெற்கே, தமிழக எல்லையை ஒட்டி இருக்கிறது. சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஆசனூர் வழியாகக் காட்டைத் தாண்டினால் வரும் முதல் பெரிய ஊர் அதுதான். தாளவாடி வட்டாரத் தமிழர்களுக்கு ஈரோட்டை விட அருகில் இருக்கும் சாமராஜநகர்.

2021 மே 2-ம் தேதி இரவுக்கும் மறுநாள் காலைக்கும் இடையே சாமராஜநகர் மாவட்ட அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்று வந்த 24 பேர் உயிரிழந்தனர். சுமார் 60 கி.மீ. தொலைவில் உள்ள மைசூரிலிருந்து நிரப்பப்பட்டு வரவேண்டிய ஆக்சிஜன் சிலிண்டர்கள் உரிய நேரத்தில் வரவில்லை. மறுநாளே எண்ணிக்கைச் சண்டை தொடங்கிவிட்டது. 24 பேரும் ஆக்சிஜன் இல்லாமல் இறந்தவர்கள் அல்லர். மூன்று பேர் மட்டுமே அந்தக் காரணத்தால் இறந்தனர். மற்றவர்களுக்கு வேறு நோய்கள் இருந்தன என்று மாநில அரசுத் தரப்பில் கூறப்பட்டது. கர்நாடக உயர் நீதிமன்றம் தலையிட்டு, ஓய்வு பெற்ற நீதிபதி ஏ.என்.வேணுகோபால கௌடா தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. சில நாள்களிலேயே அந்தக் குழு அறிக்கை அளித்தது. ஆக்சிஜன் பற்றாக்குறையால் 24 பேர் இறந்தனர் என்றும், சாமராஜநகர் மாவட்ட நிர்வாகம் நிலைமையைச் சமாளிக்கத் தவறியது என்றும் அது கூறியது.

நீதிமன்றக் குழுவின் கணக்கு 24. மாநில அரசின் கணக்கு 3. அதன்பின் இரண்டு மாதங்கள் கழித்து நாடாளுமன்றத்துக்கு வந்து சேர்ந்த கணக்கு பூஜ்யம். பெங்களூரில் மூன்று என்று ஒப்புக்கொள்ளப்பட்டது கூட, தில்லிக்கு வரும் வழியில் காணாமல் போய்விட்டது.

தலைப்பு செய்த வேலை: அரசுகள் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டுவது புதிதல்ல. பத்திரிகைகளின் பொறுப்பு இங்கேதான் வருகிறது. மாநிலங்களவைப் பதிலை மறுநாள் பத்திரிகைகள் எப்படி வெளியிட்டன என்று பாருங்கள். "மாநிலங்கள் தகவல் அனுப்பவில்லை" என்று அமைச்சர் கூறியது, "ஆக்சிஜன் பற்றாக்குறையால் யாரும் இறக்கவில்லை" என்று பல தலைப்புகளில் மாறியது. முதலாவது, மாநிலங்களைக் கேள்வி கேட்க வழிவகுக்கும் வாக்கியம். இரண்டாவது, மத்திய அரசைத் திட்டுவதற்கோ, நம்புவதற்கோ உதவும் வாக்கியம். அவரவர் கட்சியைப் பொறுத்தது. உண்மையில் கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி எளிமையானது: மே மாதத்தில் மூன்று பேர் என்று ஒப்புக்கொண்ட கர்நாடக அரசு, அந்த மூன்றையாவது தில்லிக்குத் தெரிவித்ததா, இல்லையா? தலைப்பின் ஆரவாரத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு.

இந்திய பத்திரிகை கவுன்சில் வகுத்துள்ள பத்திரிகை நடத்தை நெறிகளில், தலைப்பு அதன் கீழே உள்ள செய்திக்குப் பொருந்த வேண்டும் என்ற விதி இருக்கிறது. பிரசுரிப்பதற்கு முன் சரிபார்க்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. இரண்டையும் எந்தப் பத்திரிகையாளரும் மறுக்கமாட்டார். மாலை ஆறு மணிக்குப் பக்கம் மூடும் அவசரத்தில் அவை நினைவுக்கு வருவதில்லை என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அறிவோம்.

எண்ணிப் பார்த்து எழுதியவர்களும் உண்டு. அதே 2021-ல் குஜராத்தின் 'சந்தேஷ்' நாளிதழ் தனது செய்தியாளர்களை ஆமதாபாத் அரசு மருத்துவமனையின் பிணவறை வாசலில் நிறுத்தியது. அரசு அறிவித்த எண்ணிக்கை 20 ஆக இருந்தபோது, அவர்கள் எண்ணியது 63 உடல்கள். 'திவ்ய பாஸ்கர்' நாளிதழ் வேறு வழியில் சென்றது. மார்ச் 1 முதல் மே 10 வரை குஜராத்தில் வழங்கப்பட்ட இறப்புச் சான்றிதழ்களைத் திரட்டியது. அவை 1.23 லட்சம். முந்தைய ஆண்டின் அதே காலத்தில் சுமார் 58 ஆயிரம். அரசின் கரோனா மரணக் கணக்கோ சுமார் 4,200 மட்டுமே. இதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படவில்லை. பிணவறை வாசலில் நின்றார்கள், பதிவேட்டைப் படித்தார்கள். இவற்றை எந்தக் கவுன்சிலும் உத்தரவிட்டுச் செய்ய வைக்க முடியாது. ஆசிரியரும் உரிமையாளரும் துணிந்தால்தான் நடக்கும். துணிந்தால் என்ன நேரும் என்பதையும் அந்த ஆண்டு காட்டியது. மாநிலங்களவைப் பதிலுக்கு இரண்டு நாள்கள் கழித்து, ஜூலை 22-ல், 'பாஸ்கர்' குழும அலுவலகங்களில் வருமான வரித் துறை சோதனை நடத்தியது. செய்திக்கும் சோதனைக்கும் தொடர்பில்லை என்று அரசுத் தரப்பில் கூறப்பட்டது.

"ராசியில்லாத" ஊர்: மருத்துவமனையில் 24 பேர் இறப்பதற்கு முன்பு, கர்நாடகத்துக்கு வெளியே சாமராஜநகர் எதற்காகச் செய்தியில் அடிபட்டது? வீரப்பன் பெயருக்கு அடுத்தபடியாக, ஒரு மூடநம்பிக்கைக்காக. இந்த ஊருக்கு வரும் முதல்வர் ஆறு மாதத்தில் பதவி இழப்பார் என்பது அந்த நம்பிக்கை.

தேவராஜ் அர்ஸ் 1980-ல் பதவி இழந்தார். குண்டுராவ் 1983 தேர்தலில் தோற்றார். ராமகிருஷ்ண ஹெக்டே 1988-லும், எஸ்.ஆர்.பொம்மை 1989-லும், வீரேந்திர பாட்டீல் 1990-லும் பதவியிலிருந்து இறங்கினர். 2007-ல் வந்த குமாரசாமியும், 2013-ல் வந்த ஜெகதீஷ் ஷெட்டரும் பின்னர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். பட்டியல் பத்திரிகைக்குப் பத்திரிகை சற்று மாறும், முடிவு மாறாது.

அரசியல் தெரிந்த வாசகருக்கு இவர்கள் ஏன் பதவி இழந்தார்கள் என்பது நன்றாகத் தெரியும். ஹெக்டேயை வீழ்த்தியது தொலைபேசி ஒட்டுக்கேட்பு விவகாரம். பொம்மையை நீக்கியது 356-வது பிரிவு. அந்த நீக்கத்தை எதிர்த்த வழக்கில்தான் 1994-ல் உச்ச நீதிமன்றத்தின் வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்ப்பு வந்தது. தமிழக அரசியல்வாதிகள் இன்றும் மேடைதோறும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு அது. வீரேந்திர பாட்டீலை மாற்றியது ராஜீவ் காந்தி. குமாரசாமி, பாஜகவுடன் செய்துகொண்ட 20 மாத ஒப்பந்தப்படி ஆட்சியை ஒப்படைக்க மறுத்ததால் ஆதரவை இழந்தார். ஷெட்டரைத் தோற்கடித்தது எடியூரப்பா தனிக்கட்சி தொடங்கியதால் பாஜகவில் ஏற்பட்ட பிளவு. இவற்றில் எதிலும் சாமராஜநகருக்குப் பங்கில்லை. ஒவ்வொன்றையும் அப்போதைய பத்திரிகைகளே பக்கம் பக்கமாக விளக்கியிருந்தன. அதே பத்திரிகைகள் அடுத்த முதல்வர் அந்தப் பக்கம் வரும்போது, விளக்கத்தை மறந்துவிட்டுப் பட்டியலை மட்டும் எடுத்துப் போட்டன.

பட்டியலில் யார் இல்லை என்று எவரும் எழுதுவதில்லை. எடியூரப்பா 2008 முதல் 2011 வரையிலும், 2019 முதல் 2021 வரையிலும் முதல்வராக இருந்தபோது சாமராஜநகருக்குள் வரவில்லை. அந்த மாவட்டத்திலேயே உள்ள, தமிழர்களும் திரளாகச் செல்லும் மாதேஸ்வரன் மலைக்கு வந்தார். மாவட்டத் தலைநகருக்கு வரவில்லை. 24 பேர் இறந்த பிறகும் வரவில்லை. 2011 ஜூலை 31-ல் ஒரு முறையும், 2021 ஜூலை 26-ல் மறுமுறையும் பதவி விலகினார். வராமலே இரண்டு முறை பதவி போயிற்று. மறுபக்கம், சித்தராமையா 2013-க்குப் பிறகு பல முறை வந்தார். ஐந்தாண்டு பதவிக்காலத்தை முழுமையாக முடித்தார். 2023-ல் மீண்டும் முதல்வரானார். ஆனாலும் 2022 டிசம்பரில் பசவராஜ் பொம்மை அங்கு சென்றபோது, "ராசியை மீறி வருகை" என்ற பாணியில் மறுபடியும் செய்திகள் வந்தன.

சாமராஜநகரை மட்டும் சொல்வானேன்? தில்லிக்குப் பக்கத்திலேயே இருக்கும் நொய்டாவுக்கு உத்தரப் பிரதேச முதல்வர்கள் பல ஆண்டுகள் வராமல் இருந்தார்கள். அகிலேஷ் யாதவ் வராமலேயே 2017-ல் தோற்றார். ஆதித்யநாத் 2017 டிசம்பரில் வந்துவிட்டு 2022-ல் வென்றார். நம் தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 2010 செப்டம்பரில் ஆயிரமாவது ஆண்டு விழா நடந்தபோது, பகுத்தறிவுப் பாசறையில் வளர்ந்த முதல்வர் கருணாநிதி எந்த வாயில் வழியாக வந்தார் என்பதை ஆராய்வதில் நமது பத்திரிகைகள் காட்டிய ஆர்வம், ராஜராஜனின் கல்வெட்டுகளில் காட்டியதை விட அதிகம்.

இதில் என்ன கெடுதல், வாசகர் ரசிக்கும் சுவையான செய்திதானே என்று கேட்கலாம். முதல்வர் வராததால்தான் மருத்துவமனைக்கு ஆக்சிஜன் வரவில்லை என்று யாரும் நிரூபிக்க முடியாது. அப்படிச் சொல்வதும் இன்னொரு மூடநம்பிக்கைதான். ஆனால், முதல்வர் ஓர் ஊருக்கு வருகிறார் என்றால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். சாலை செப்பனிடப்படும். கிடப்பில் உள்ள கோப்பு நகரும். மாவட்ட மருத்துவமனையில் எது இருக்கிறது, எது இல்லை என்று ஒரு நாளாவது அதிகாரிகள் கணக்கெடுப்பார்கள். 1997-ல் மைசூரிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமான இந்த ஊருக்கு அந்த ஒரு நாள் ஆண்டுக்கணக்கில் கிடைக்கவில்லை. வராமல் இருப்பதற்கு முதல்வர்களுக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது. அதை அச்சில் ஏற்றி, நம்பத்தகுந்ததாக்கிக் கொடுத்தது பத்திரிகை.

பத்திரிகை கவுன்சிலின் நெறிகளில் இதற்கும் விதி உண்டு. சோதிடக் கணிப்புகளையும் மூடப் பழக்கங்களையும் வளர்ப்பது வாசகர் மனத்தைக் குலைக்கும், விரும்பத்தக்கதல்ல; அறிவியல் மனப்பான்மையில் நம்பிக்கை கொண்ட ஆசிரியர்கள் அவற்றைத் தவிர்க்க வேண்டும் என்கிறது அது. இந்த விதியை நாளேடுகள் எப்படி மதிக்கின்றன என்பதை அறிய, எந்தத் தமிழ் நாளிதழின் ராசிபலன் பகுதியையும் புரட்டினால் போதும்.

பல் இல்லாத கவுன்சில்: விதி இருந்தும் ஏன் இந்த நிலை? கவுன்சிலின் பிறப்பிலேயே விடை இருக்கிறது. நீதிபதி ராஜாத்யக்ஷா தலைமையிலான முதல் பத்திரிகை ஆணையம் 1954-ல் பரிந்துரைத்ததன் பேரில், 1965-ல் சட்டம் இயற்றப்பட்டு, 1966-ல் கவுன்சில் உருவானது. அது செயல்படத் தொடங்கிய நவம்பர் 16-ம் தேதிதான் தேசிய பத்திரிகை தினமாகக் கொண்டாடப்படுகிறது. 1970-களின் முற்பகுதியில் தமிழரான நீதிபதி என்.ராஜகோபால அய்யங்கார் அதன் தலைவராக இருந்தார். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 ஜனவரி 1 முதல் கவுன்சிலே கலைக்கப்பட்டது. பல் இல்லாத அமைப்பையே பொறுக்க முடியாத காலம் அது. ஜனதா ஆட்சியில் 1978-ல் புதிய சட்டம் வந்து, மறு ஆண்டு கவுன்சில் உயிர்பெற்றது.

தலைவரைத் தவிர 28 உறுப்பினர்கள். அவர்களில் 20 பேர் பத்திரிகைத் துறையினர், ஐவர் நாடாளுமன்ற உறுப்பினர்கள். தவறு செய்த பத்திரிகையைக் கவுன்சில் எச்சரிக்கலாம், அறிவுறுத்தலாம், கண்டிக்கலாம். அபராதம் விதிக்க முடியாது. தனது விசாரணை விவரத்தை வெளியிடும்படி பத்திரிகையிடம் கோரலாம்; வெளியிடாவிட்டால் செய்வதற்கு எதுவும் இல்லை. தொலைக்காட்சி அதன் வரம்பிலேயே வராது. தொலைக்காட்சிகள் தாமாக அமைத்துக்கொண்ட அமைப்பு அதிகபட்சமாக விதிக்கும் ஒரு லட்சம் ரூபாய் அபராதத்தால் எந்தப் பயனும் இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே குறைபட்டுக்கொண்டது.

பல் இல்லாதது மட்டுமே குறை என்றும் சொல்லிவிட முடியாது. 2009 மக்களவைத் தேர்தலில் வேட்பாளர்களிடம் பணம் பெற்றுக்கொண்டு விளம்பரத்தைச் செய்தியாக வெளியிட்ட பத்திரிகைகளைப் பற்றிக் கவுன்சில் விசாரித்தது. பரஞ்சோய் குஹா தாகுர்தாவும் கே.ஸ்ரீனிவாஸ் ரெட்டியும் பெயர்களோடு விரிவான அறிக்கையைத் தயாரித்தனர். 2010-ல் கவுன்சில் வெளியிட்டதோ, பெயர்கள் நீக்கப்பட்ட சுருக்கம். மத்திய தகவல் ஆணையம் உத்தரவிட்ட பிறகே, 2011-ல் முழு அறிக்கையும் வெளிச்சத்துக்கு வந்தது. ஊருக்கெல்லாம் வெளிப்படைத்தன்மையைப் போதிக்கும் தொழில், தன் வீட்டுக் கணக்கைக் காட்ட ஆணையத்தின் உத்தரவுக்குக் காத்திருந்தது.

மைசூர் தந்த பாடம்: அப்படியானால் அரசே கட்டுப்படுத்தட்டும் என்ற குரல் அவ்வப்போது எழுகிறது. இதற்கும் சாமராஜநகர் இருந்த மைசூர் சமஸ்தானத்திலேயே ஒரு பழைய கணக்கு உண்டு. 1908-ல், கும்பகோணத்தில் பிறந்தவரான திவான் வி.பி.மாதவராவின் காலத்தில், மைசூர் பத்திரிகைகள் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அரசின் அனுமதி இல்லாமல் சமஸ்தானத்தில் பத்திரிகை நடத்த முடியாது. கொடுத்த அனுமதியை அரசு திரும்பப் பெறலாம். பொறுப்பற்ற எழுத்தைத் தடுப்பதுதான் நோக்கம் என்று அப்போதும் சொல்லப்பட்டது. பொறுப்போடு எழுதியவர்கள்தாம் முதலில் நின்றார்கள். மைசூர் மக்கள் 'தாத்தையா' என்று அழைத்த எம்.வெங்கடகிருஷ்ணய்யாவின் பத்திரிகைகள் நின்றுபோயின. அதே 1908-ல்தான் சென்னையில் 'இந்தியா' பத்திரிகை மீது வழக்குப் பாய்ந்து, பாரதி புதுச்சேரிக்குச் செல்ல நேர்ந்தது. ஆங்கிலேய அரசும் சமஸ்தான அரசும் அந்த ஆண்டு ஒரே வழியில் நடந்தன.

சுதந்திர இந்தியாவில் முன்தணிக்கை கூடாது என்பதை உறுதிப்படுத்திய தீர்ப்புகளில் ஒன்று தமிழகத்திலிருந்து சென்றது. 'நக்கீரன்' ஆசிரியர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994-ல் அளித்த தீர்ப்பு, அவதூறு வரும் என்ற அச்சத்தால் அதிகாரிகள் ஒரு செய்தியை முன்கூட்டியே தடுக்க முடியாது என்றது. வெளியான பிறகு சட்டப்படி நிவாரணம் தேடலாம்.

அதே ஆசிரியர்தான் 2000-ல் இந்த எல்லைப் பகுதியில் வேறொரு வேடத்தில் தோன்றினார். அந்த ஆண்டு ஜூலை 30-ம் தேதி, சாமராஜநகரை அடுத்துத் தமிழக எல்லைக்குள் உள்ள தொட்டகாஜனூரில் நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தினார். நவம்பர் 15-ல் அவர் விடுவிக்கப்படும் வரையிலான 108 நாள்களும், 1991 காவிரிக் கலவரத்தை மறக்காத கர்நாடகத் தமிழர்கள் அச்சத்தோடு கழித்த நாள்கள். இரு மாநில அரசுகளின் தூதராகக் காட்டுக்குள் சென்றவர் ஒரு பத்திரிகை ஆசிரியர். அதைத் தொண்டு என்று போற்றியவர்கள் உண்டு. அரசுக்குத் தூது செல்பவர் அதே விவகாரத்தில் செய்தியும் எழுதலாமா என்று கேட்டவர்களும் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் அந்த நாள்களில் அதைவிடப் பெரிய ஆபத்து, காட்டில் ராஜ்குமாருக்கு என்ன ஆயிற்று என்று உறுதி செய்யப்படாமல் பரவக்கூடிய ஒரு வரிதான். அந்த ஒரு வரிக்கு விலை கொடுக்க வேண்டியவர்கள் பெங்களூரிலும் மைசூரிலும் குடியிருந்த, பத்திரிகைக்கும் காட்டுக்கும் சம்பந்தமே இல்லாத தமிழ்க் குடும்பங்கள். பத்திரிகைத் தரம் என்பது நாகரிகம் பற்றிய விவாதம் மட்டுமல்ல என்பதை எல்லையில் வாழ்பவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

யார் முடிவு செய்வது?: இப்போது மீண்டும் சட்டம் பற்றிய பேச்சு. மத்திய அரசின் பணிகள் குறித்த செய்திகளில் எது பொய் என்று அரசின் பிரிவே முடிவு செய்ய வகை செய்த தகவல் தொழில்நுட்ப விதியை 2024 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2025 ஜூனில், பொய்ச் செய்திக்கு ஏழு ஆண்டு வரை சிறையும், பத்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கும் கர்நாடக அரசின் மசோதா வரைவு ஒன்று வெளியே தெரிந்து எதிர்ப்பைக் கிளப்பியது. வரைவு இறுதியானதல்ல என்று அரசு விளக்கம் அளித்தது.

இத்தகைய சட்டம் ஒன்றை 2021 மே 4-ம் தேதி காலையில் சாமராஜநகரில் பொருத்திப் பாருங்கள். ஓர் உள்ளூர் நிருபர், ஆக்சிஜன் இல்லாமல் 24 பேர் இறந்தனர் என்று எழுதுகிறார். அரசின் அதிகாரபூர்வக் கணக்கு மூன்று. எது பொய்ச் செய்தி? நீதிமன்றக் குழுவின் அறிக்கை வரும் வரை, அரசின் பார்வையில் 24 தான் பொய். அறிக்கை வருவதற்குள் நிருபர் சிறையில் இருந்திருப்பார். அன்று எதிர்க்கட்சித் தலைவராக இருந்து அரசின் கணக்கை ஏற்க மறுத்தவர் சித்தராமையா. வரைவு வெளியே தெரிந்தபோது முதல்வராக இருந்தவரும் அவரே. எதிர்வரிசையில் இருக்கும்போது தேவைப்படும் பத்திரிகை, ஆளும் வரிசைக்கு வந்ததும் கட்டுப்படுத்த வேண்டியதாகிவிடுவது எல்லாக் கட்சிக்கும் பொது.

அந்த உள்ளூர் நிருபரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாவட்டத் தலைநகர்களில் செய்தி சேகரிப்பவர்களில் பலர் பகுதி நேர நிருபர்கள். பிரசுரமாகும் செய்திக்கு ஏற்பச் சன்மானம் பெறுபவர்கள், சில இடங்களில் விளம்பரம் பிடித்துத் தருவதையும் சேர்த்தே செய்பவர்கள். மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2014-ல் உறுதி செய்தது. அதன் பலன் இவர்களில் எத்தனை பேரை எட்டியது என்பதைப் பத்திரிகை அலுவலகங்களில்தான் கேட்க வேண்டும். மருத்துவமனைக்கு விளம்பரம் கேட்டுச் செல்பவரே, அதே மருத்துவமனையின் பிணவறை வாசலில் நின்று எண்ணவும் வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். கவுன்சிலுக்குப் பல் முளைக்க வேண்டும் என்று கோருகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான் என்பது நம் கருத்து. அடுத்ததாக ஒன்று கேட்கலாம்: கவுன்சில் கண்டித்தால், தவறான செய்தி எந்தப் பக்கத்தில், எந்த அளவில் வந்ததோ அதே பக்கத்தில், அதே அளவில் அந்தக் கண்டனம் வெளியாவதைக் கட்டாயமாக்க வேண்டும். சிறையும் வேண்டாம், உரிமம் ரத்தும் வேண்டாம். முதல் பக்கத்தில் சறுக்கியதை முதல் பக்கத்திலேயே ஒப்புக்கொள்வதை விட எந்த ஆசிரியருக்கும் கடுமையான தண்டனை இல்லை. இதற்கு 1978 சட்டத்தின் 14-வது பிரிவில் ஒரு சிறிய திருத்தம் போதும். இதை எந்தக் கட்சியும் கேட்கவில்லை. பத்திரிகை உரிமையாளர்கள் கேட்கமாட்டார்கள்.

அதுவரை இருக்கும் வழி வாசகர் கையில் உள்ளது. தவறான செய்தியைப் படித்தவர் முதலில் அந்தப் பத்திரிகையின் ஆசிரியருக்கு எழுத வேண்டும். பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, தில்லி லோதி சாலையில் உள்ள பத்திரிகை கவுன்சிலுக்கு, செய்தியின் நறுக்கையும் கடிதத்தின் நகலையும் இணைத்துப் புகார் அனுப்பலாம். நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வெளியான இரண்டு மாதங்களுக்குள் அனுப்ப வேண்டும். வழக்குரைஞர் தேவையில்லை; கட்டணமும் கிடையாது. சாமராஜநகருக்கு அடுத்த முறை ஒரு முதல்வர் வரும்போது, பழைய பட்டியல் மறுபடி அச்சேறினால், முதல் புகாரைத் தாளவாடியிலிருந்தே அனுப்பலாம்.